பட்டைக் கன்று: நாற்று வாங்குவதா, பதியம் வாங்குவதா?

நர்சரிகளில் ‘பட்டைச் செடி’ என்று கேட்டால் கையில் வருவது அசல் பட்டையான இலங்கைக் கருவாவாகவும் இருக்கலாம், சீனப் பட்டையான கேசியாவாகவும் இருக்கலாம், மலைக்காட்டுக் கருவாவாகவும் இருக்கலாம். சில இடங்களில் சர்வசுகந்தியையே (ஆல்ஸ்பைஸ்) பட்டை என்று கொடுத்துவிடுகிறார்கள். அதனால் விலை கேட்குமுன் ஓர் இலையைக் கிள்ளுங்கள். கருவா இலையில் அடியிலிருந்து நுனிப்பக்கம் வரை மூன்று நரம்புகள் எடுப்பாக ஓடும். கசக்கினால் கிராம்பு வாசம் அடிக்கும், ஏனென்றால் அதன் இலை எண்ணெயில் யூஜினால் என்ற மணப்பொருளே மிகுதி. சமையலில் நமக்குத் தெரிந்த பட்டை வாசம் சின்னமால்டிஹைடு என்ற மணப்பொருளுடையது. அது இருப்பது தண்டின் பட்டையில். இலையே பட்டை மணத்தைத் தூக்கலாகக் கொடுத்தால் கேசியாவாக இருக்கலாம். ஒற்றை நடுநரம்பு என்றால் சர்வசுகந்தி. காட்டுக் கருவாவுக்கும் மூன்று நரம்புதான், இலையை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். ரகத்தின் பெயர் சொல்லி விற்கும் இடத்தில் வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

விதை நாற்று மலிவு, ஆணிவேர் இருப்பதால் வறட்சியையும் ஓரளவு தாங்கும். குறை என்னவென்றால், கருவா அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது. பத்து நாற்றில் பத்து விதமான பட்டை வரும். இலைக்காகவோ வேலியோர அழகுக்காகவோ என்றால் நாற்றே போதும். பட்டை உரிக்கும் எண்ணம் இருந்தால் விண்பதியம் (மரத்துக் கிளையிலேயே வேர்விட வைத்துப் பிரித்த கன்று) அல்லது வேர்விட்ட தண்டுக் கன்றுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். எதுவானாலும் பையின் அடியைப் பாருங்கள். வேர் சுருண்டு வட்டமடித்திருந்தால் அது பையில் நாள்பட்ட கன்று. நட்ட பிறகும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கன்னியாகுமரி மாதிரி மழை மிகுந்த தாழ்வான மலைப்பகுதிக்குப் பேச்சிப்பாறையின் பிபிஐ(சி) 1 ரகம் பொருந்தும். ஏற்காடு போன்ற உயரத்துக்கு ஒய்சிடி 1. கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டு ரகங்களில் எங்கள் ஓட்டு நவஸ்ரீக்கு. அதன் பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு 73 விழுக்காடு, நித்யஸ்ரீயில் 58.

நடவு ஜூன், ஜூலை மழையில். 50 செ.மீ. நீள, அகல, ஆழக் குழி, 3 மீட்டர் இடைவெளி, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட வேண்டாம். செடி பிழைத்தாலும் பட்டை கசக்கும், மணமும் குறையும். முதல் ஆண்டு செடிக்கு 20 கிராம் தழை, 18 கிராம் மணி, 25 கிராம் சாம்பல் சத்து போதும். அதாவது சுமார் 43 கிராம் யூரியா, 90 கிராம் ராக் பாஸ்பேட், 42 கிராம் பொட்டாஷ். மே-ஜூனில் பாதி, செப்டம்பர்-அக்டோபரில் பாதி. முதல் இரண்டு கோடைக்குத் தென்னை ஓலை நிழல் கட்டாயம்.

பலரும் கோட்டைவிடுவது கவாத்தில். நன்றாக வளர்கிறதே என்று விட்டால் அது மரமாகிவிடும், பட்டை தடித்து முரடாகும். இரண்டு வயதானதும் ஜூன், ஜூலையில் தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு வெட்டி, அடிக்கட்டையைச் சுற்றி மண் அணைக்க வேண்டும். மனசு வராதுதான். ஆனால் அந்த மண்ணுக்குள்ளிருந்துதான் நேரான போத்துகள் (இளந்தண்டுகள்) கிளம்பும். பக்கக் கிளைகளை அவ்வப்போது கழித்தால் கணு குறைந்து உரிப்பதும் எளிதாகும்.

இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து தளிர் நுனியிலிருந்து கருகி வந்தால் பூஞ்சைதான் காரணம். கருகிய பகுதியை வெட்டி எரித்துவிட்டு ஒரு விழுக்காடு போர்டோ கலவை அடியுங்கள். லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பு. அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே. தளிரைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவைப்பது கருவா வண்ணத்துப்பூச்சியின் புழு. நாலைந்து செடிதான் என்றால் கையால் பொறுக்குவதே போதும்.

மாடித் தோட்டத்துக்கு இதை அரைமனதோடுதான் சொல்ல முடியும். 18 அங்குலப் பையில், பாதி நிழலில் பிழைக்கும். ஆனால் உப்புத் தண்ணீரை ஊற்றினால் இலை ஓரம் கருகும். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் நரம்பு பச்சையாக நிற்க இலை வெளுக்கும். மழைநீரோ இலைமக்கோ இல்லாமல் அங்கே சரிவராது. அதிலும் இலைதான் கிடைக்கும், பட்டையை எதிர்பார்க்க வேண்டாம்.

நிலத்தில் இருப்பவர்கள் போத்து விரல் தடிமனாகி ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரம் வந்ததும் தளிரைக் கவனியுங்கள். சிவந்த தளிர் பச்சைக்கு மாறும் நேரத்தில் சாறு ஓட்டம் நன்றாக இருக்கும். கத்தியால் சாய்வாக ஒரு கீறல்: பட்டை நெகிழ்ந்து விலகினால் அன்றே வெட்டி மேல்தோலைச் சுரண்டுங்கள், பித்தளைக் கம்பியால் தேய்த்து உரியுங்கள், நிழலில் உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்டால் இன்னும் ஒரு வாரம் கழித்து வேறு போத்தில் கீறிப் பாருங்கள்.