விடைபெறும் அலுவலருக்கு அவைக்குறிப்பில் ஓர் இடம்: காங்கிரஸ்.கவ் தளத்தைப் பற்றி

காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் உழைத்த ஓர் அலுவலர் ஓய்வு பெறும்போது, அவரைப் பாராட்டி உறுப்பினர் தரும் உரை ‘காங்கிரஷனல் ரெக்கார்டு’ என்னும் அவைக்குறிப்பில் ஏறுவது அங்கே ஊறிப்போன வழக்கம். 1873 முதல் வெளிவரும் இந்த அவைக்குறிப்பை இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்திருப்பவை, நாடாளுமன்ற நூலகம் நடத்தும் காங்கிரஸ்.கவ் (congress.gov) தளமும் அரசுப் பதிப்பு அலுவலகத்தின் கவ்இன்ஃபோ (govinfo.gov) தளமும் ஆகும். பலரும் மசோதாக்களைத் தேடித்தான் இங்கே வருகிறார்கள். விடைபெற்றுச் சென்ற அலுவலர்களின் பணிவாழ்வை அறிய விரும்புவோருக்கு இச்சேவை எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

பிரதிநிதிகள் சபையின் ஒவ்வோர் உறுப்பினரும் 18 பேர் வரை நிரந்தர ஊழியர்களாக வைத்துக்கொள்ளலாம். முதியோர் உதவித்தொகை நின்றுபோனவரும், முன்னாள் படைவீரருக்குரிய சலுகை கிடைக்காமல் அலைபவரும், குடியேற்ற மனு எங்கே கிடக்கிறது என்று தெரியாதவரும் தொகுதி அலுவலகத்தில் சந்திப்பது இவர்களைத்தான். மசோதாவின் வாசகத்தைப் பலமுறை திருத்தி எழுத வைப்பவர்களும், எதிர்க்கட்சி அலுவலகத்தாரோடு இரவு வரை பேசி உடன்பாடு காண்பவர்களும் இவர்களே. ஆனால் நிறைவேறிய சட்டத்தில் இவர்கள் பெயர் இராது. அதனால்தான் செய்தித்தாள்போல மூன்று பத்திகளாக நெருக்கி அச்சிடப்பட்ட அவைக்குறிப்புப் பக்கத்தில், பெயரும் ஊரும் பணியாற்றிய ஆண்டுகளும் குறிப்பிடப்பட்டு ஓர் அலுவலருக்குக் கிடைக்கும் அரைப் பத்தியைக்கூட நான் மிகப் பெரிய மரியாதையாகக் கருதுகிறேன்.

இதற்கு நல்ல சான்று, சபையின் விதிகள் குறித்துச் சபாநாயகருக்கு ஆலோசனை கூறும் பார்லிமென்டேரியன் பதவியிலிருந்து சார்லஸ் ஜான்சன் விலகிய 2004 மே மாதத்துப் பக்கங்கள். 1964-இல் அந்த அலுவலகத்தில் சேர்ந்த அவரை 1994-இல் அந்தப் பதவிக்கு நியமித்தவர் ஜனநாயகக் கட்சிச் சபாநாயகர் டாம் ஃபோலி. அடுத்த ஆண்டே சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனபோதும் புதிய சபாநாயகர் நியூட் கிங்ரிச் அவரை மாற்றவில்லை. கட்சி பார்க்காமல் விதியைச் சொன்னவர் என்று இருதரப்பினரும் ஒரே நாளில் எழுந்து பாராட்டுவதைப் படிக்கையில், அரசுப் பணியில் நடுநிலை என்பது எத்தனை ஆண்டுகள் சேர்த்துவைத்த சொத்து என்பது விளங்குகிறது. செனட்டின் பார்லிமென்டேரியனாக 1964 முதல் 1974 வரை இருந்த ஃபிளாய்ட் ரிட்டிக்கையும் இங்கே நினைக்க வேண்டும். ‘டெய்லி டைஜஸ்ட்’ என்று அவைக்குறிப்பின் முடிவில் வரும் அன்றாடச் சுருக்கம் 1947-இல் தொடங்கியபோது, செனட் பகுதிக்கு ஆசிரியராக இருந்தவர் அவர்தான்.

தேடுவதில்தான் குறை இருக்கிறது. அலுவலர் பாராட்டுக்கென்று தனி வகைப்பாடு எதுவும் இல்லை. தலைப்பு ஒரு நாள் ‘பாராட்டு’ என்றும், மற்றொரு நாள் ‘அங்கீகாரம்’ அல்லது ‘ஓய்வு’ என்றும் இருப்பதால், தலைப்புச் சொல்லை வைத்துத் தேடினால் பள்ளி அணிகளும் நூற்றாண்டு கண்ட தேவாலயங்களும் சேர்ந்து வந்து குவிகின்றன. அலுவலரின் முழுப்பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, எந்தக் காங்கிரஸ் காலம் (ஈராண்டுக்கு ஒன்றாக எண்ணிடப்படும் நாடாளுமன்றக் காலம்) என்பதைத் தெரிவுசெய்து தேடுவதே நல்லது. பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களின் பாராட்டுகள் பெரும்பாலும் ‘எக்ஸ்டென்ஷன்ஸ் ஆஃப் ரிமார்க்ஸ்’ என்னும் பிற்சேர்க்கையில் இருக்கும். செனட்டர்களின் உரைகளோ செனட் பகுதிக்குள்ளேயே இருப்பதால், பகுதியைக் குறுக்காமல் தேடுவது உத்தமம். பதவி விலகும் உறுப்பினர் தம் இறுதி உரையில் அலுவலர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி நன்றி கூறுவதும் உண்டு. அப்பெயர்கள் தலைப்பில் வராததால், முழு உரையிலும் தேடினால்தான் அகப்படும்.

திரையில் வரும் எழுத்துவடிவம், தட்டச்சுப் பிரதிபோல வரிகள் பாதியிலேயே முறிந்து, இடையிடையே பக்க எண்கள் அடைப்புக்குள் புகுந்து கண்ணை உறுத்துகிறது. அருகிலேயே உள்ள பிடிஎஃப் கோப்பு அச்சுப் பக்கத்தை அப்படியே தருவதால், படிப்பதற்கும் குடும்பத்தினர் சட்டமிட்டு மாட்டுவதற்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். 1994-க்கு முந்தைய உரைகளுக்குக் கவ்இன்ஃபோவில் உள்ள, நூலாகக் கட்டிய ஆண்டுத் தொகுதிகளை நாடலாம். அங்கே உரை நிகழ்ந்த தேதி தெரிந்திருந்தால் வேலை எளிது.

புதிதாக வருபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிற்சேர்க்கையில் உள்ள உரைகள் “சபாநாயகர் அவர்களே, நான் எழுகிறேன்” என்று தொடங்கினாலும், பெரும்பாலும் அவையில் பேசப்படாமல் எழுதிக் கொடுக்கப்பட்டவை. இது அவற்றின் மதிப்பைக் குறைப்பதாக நான் நினைக்கவில்லை. பிறந்த ஊர், படித்த கல்லூரி, பிள்ளைகளின் பெயர் என்று அச்சில் வார்த்தாற்போல் வருபவைதான் ஏமாற்றம் தருகின்றன. எந்த மசோதாவில் எந்தச் சிக்கலை அவர் அவிழ்த்தார், யாருடைய மனுவை விடாமல் தொடர்ந்தார் என்று ஒரே ஒரு நிகழ்ச்சியையாவது சொல்லும் உரைகளும் உண்டு. அவற்றுக்காகவே இத்தளத்தில் கணக்குத் தொடங்கித் தேடலைச் சேமித்து வைத்து, மின்னஞ்சல் அறிவிப்பையும் இயக்கிவைக்குமாறு பரிந்துரைக்கிறேன்.