விம்மா இமேக்ஸா? தமிழும் சேத்து அடிக்கிறவன் ரிவ்யூ

விம், இமேக்ஸ் ரெண்டும் கோடு எழுத உதவுற எடிட்டருங்க, எது நமக்கு ஒத்துவரும்னு பாப்போம். காரைக்குடில உக்காந்து ஆத்தங்குடி டைல்ஸ் கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுறேன், கோடு பைத்தான், ஆனா பில்லுல வர்றது பூரா தமிழ், அதனால எந்த எடிட்டர் வாங்குனாலும் மொதல்ல நான் பாக்குறது தமிழ் ஒழுங்கா தெரியுதாங்குறதத்தான்.

விம் 1991ல வந்தது, அதுக்கு மூத்த விஐ 1976ல பில் ஜாய் எழுதுனது. பழசுன்னு ஒதுக்கிராதீங்க, வேகத்துல இத அடிச்சுக்க ஆளில்ல. மேற்கோளுக்குள்ள இருக்கறத அழிச்சு புதுசா அடிக்கணுமா, சி, ஐ, ஒரு மேற்கோள் குறி, மூணே கீ. அடுத்த எடத்துலயும் அதே வேலன்னா புள்ளிய அமுக்குனா போதும். கரண்டு போனாலும், அடிக்க அடிக்க அதுவே தனியா எழுதி வைக்கிற ஸ்வாப் ஃபைல்ல இருந்து பெரும்பாலும் மீட்டுரலாம் (மாசாந்திர பராமரிப்பு நாள்ல இதோட அருமை தெரியும்).

ஆனா தமிழ்னு வந்தா கஷ்டம்தான். விம் பொதுவா ஓடுறது டெர்மினல்ல, அதாவது கட்டளை அடிக்கிற விண்டோல, அங்க எல்லாமே ஒரே அளவு கட்டம், 'கொ' மாதிரி ரெண்டு பக்கமும் குறி வர்ற எழுத்து பலதுலயும் ஒடஞ்சு நிக்கும், கர்சர் ஒரு எடம், அழியறது வேற எடம். அதவிடக் கொடுமை, கீபோர்டு தமிழ்ல இருக்கும்போது எஸ்கேப் அமுக்கி நார்மல் மோடுக்கு (எழுத்துக் கீயெல்லாம் கட்டளையா மாறுற நிலை) வந்தீங்கன்னா நகர்த்துற ஜே, கே, அழிக்கிற டி எதுவும் வேலை செய்யாது, ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷுக்கு மாத்தணும்.

ஜிஎன்யூ இமேக்ஸ், 1985ல ஸ்டால்மன் வெளியிட்டது, நம்ம ஊரு வீடு மாதிரி, முகப்பு தாண்டி வளவுக்குப் போனா ரெண்டாங்கட்டுன்னு உள்ள போய்க்கிட்டே இருக்கும். கோடு மாத்தத்த பதிவு பண்ணி வைக்கிற கிட் வேலைக்கு மேகிட், குறிப்பெழுத ஆர்க் மோடு, ரெண்டும் அருமை. 2020ல வந்த 27ஆம் வெர்ஷன்ல இருந்து எழுத்துகள ஒழுங்கா சேத்துக் காட்டுற ஹார்ஃப்பஸ் இருக்கறதால அதோட சொந்த விண்டோல தமிழ் அழகா வருது. தமிழ் இன்புட்டும் உள்ளேயே இருக்கு. ஈவில்னு ஒரு பேக்கேஜ் போட்டா விம் கீ பெரும்பாலும் எல்லாமே கெடைக்கும், நார்மல் ஸ்டேட்டுக்கு வந்ததும் தமிழ் இன்புட்ட அதுவே நிறுத்திட்டு எழுத்து அடிக்கிற இன்சர்ட்டுக்குப் போனா திரும்ப போட்டுரும், எனக்கு இந்த ஒண்ணுக்காகவே இமேக்ஸ்தான். ஈவில் இல்லாம கன்ட்ரோல் கீயவே அமுக்கிக்கிட்டு இருந்தா சுண்டு விரல் போயிரும்.

மைக்ரோசாஃப்டோட எடிட்டர் விஎஸ் கோடு? புதுசா படிக்கிற பசங்களுக்கு தாராளமா போடுங்க, தமிழும் நல்லாத் தெரியும். உள்ளுக்குள்ள ஒரு பிரவுசரயே வச்சிருக்கற எலக்ட்ரான்ல ஓடுறதால ராம் தின்னும், 4 ஜிபி லேப்டாப்புக்கு வேணாம். பாதி அடிக்கும்போதே மீதிக் கோட எடுத்துக்குடுக்கற கோடு கம்ப்ளீஷனுக்காக மட்டும் அங்க போகவேண்டியதில்ல, அதுக்கு உதவுற எக்ளாட் இமேக்ஸ் 29ல இருந்தே கூட வருது.

சர்வர்ல எப்பவும் விம்தான். கத்துக்கணும்னா டெர்மினல்ல விம்டியூட்டர்னு அடிங்க, அரைமணி நேர வேலை.