பாக்தாத்தா, யெரெவானா? ஒரே சுல்தான் வென்ற இரண்டு ஊர்கள்

இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில், ஒரே பளிங்கு மேடையில் இரண்டு மண்டபங்கள் நிற்கின்றன. ஒன்று ரேவான் மண்டபம், மற்றது பாக்தாத் மண்டபம். இரண்டையும் எழுப்பியவர் உதுமானிய சுல்தான் நான்காம் முராத். பாரசீகத்தை ஆண்ட சஃபவிகளிடமிருந்து அவரே படை நடத்திப் பிடித்த இரண்டு ஊர்களின் நினைவுச் சின்னங்கள் இவை. துருக்கியர் ரேவான் என்றது இன்றைய ஆர்மீனியத் தலைநகர் யெரெவானை.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் உதுமானிய–சஃபவி எல்லைப் போர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குள் ஒரு மாகாணத்தைத்தான் உருப்படியாகச் சொல்ல முடியும். இரண்டு வாரம் அல்லாடிவிட்டுப் பாக்தாத்தை எடுத்தேன். இப்போது யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன்.

சன்னி உதுமானியருக்கும் ஷியா சஃபவிகளுக்கும் இருந்த பிணக்கு, உதுமானியர் சஃபவிகளை வென்ற 1514 சால்திரான் போர், பட்டு வணிகம் ஆகியவை இரண்டு கதைகளுக்கும் பொது. அவற்றை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பாக்தாத்தின் புனிதம்தான் உதுமானியரை அங்கே கட்டிப்போட்டது என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. இமாம் அபூ ஹனீஃபாவின் அடக்கத்தலமும், தமிழ் முஸ்லிம்கள் முகைதீன் ஆண்டவர் என்று போற்றும் அப்துல் காதிர் ஜீலானியின் அடக்கத்தலமும் அங்கே இருப்பது உண்மை. ஆனால் ஷியாக்களின் புனிதத் தலங்களான காழிமிய்யாவும் கர்பலாவும் நஜஃபும் இருப்பதும் அதே இராக்கில்தான். சுல்தானுக்கு இருந்த ஆசை பாரசீக மன்னரான ஷாவுக்கும் இருந்தது. இருவருக்கும் சமமாக இருந்த ஆசை, ஒருவர் கையில் மட்டும் ஊர் நிலைத்ததற்குக் காரணமாகாது.

பிடிப்பதைப் பார்த்தால் யெரெவான்தான் எளிது. 1635 கோடையில் முராத் முற்றுகையிட்டார். இரண்டு வாரத்துக்குள் கோட்டைத் தலைவர் சரணடைந்து சுல்தானுடன் இஸ்தான்புல்லுக்கே போய்விட்டார். சுல்தான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஷா சஃபி அந்தக் குளிர்காலத்திலேயே படையோடு வந்தார். 1636 வசந்தத்தில் ஊர் மறுபடி பாரசீகத்தின் கையில். மண்டபம் எழுந்த காலத்திலேயே அது கொண்டாடிய ஊர் பறிபோய்விட்டது.

பாக்தாத்தோ உயிர்களை விலையாகக் கேட்ட ஊர். 1638 நவம்பரில் தொடங்கிய முற்றுகை சுமார் நாற்பது நாள் நீடித்தது. தலைமை அமைச்சர் தய்யார் மெஹ்மத் பாஷா மதிலடியில் மாண்ட மறுநாள், டிசம்பர் 25 அன்று, ஊர் விழுந்தது. அதன்பின் 1917-இல் ஆங்கிலேயப் படை நுழையும்வரை, 278 ஆண்டுகள், அது உதுமானியரிடமே இருந்தது.

எட்டு மாதம் எங்கே, 278 ஆண்டுகள் எங்கே! இந்த வேறுபாட்டுக்கு என் விடை ஒன்றுதான்: பராமரிப்பு. கோட்டையைப் பிடிக்கக் கோடைக்காலம் போதும். காக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் வீரனுக்குக் குளிர்காலம் முழுவதும் ரொட்டி போய்ச் சேர வேண்டும். யெரெவானுக்கு எர்சுரூம், கார்ஸ் வழியாக மலையேறித்தான் போகவேண்டும்; அந்தப் பாதைகளைப் பனி மாதக்கணக்கில் மூடிவிடும். ஷா சஃபிக்கு முன் ஆண்ட ஷா அப்பாஸ் இதை நன்றாக அறிந்திருந்தார். 1603 இறுதியில் முற்றுகையைத் தொடங்கி, குளிர்காலம் முழுதும் விடாமல் இறுக்கி, 1604 கோடையில் துருக்கியரிடமிருந்து யெரெவான் கோட்டையை எடுத்தவர் அவர். பிறகு துருக்கியப் படை நெருங்கியபோது அராஸ் ஆற்றுச் சமவெளியின் ஊர்களைக் காலிசெய்து எரித்தார். அந்த மண்ணில் படைக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்பதே நோக்கம்.

பாக்தாத்துக்கு ஆறே பாதை. தியார்பக்கிரிலிருந்தும் மோசுலிலிருந்தும் டைகிரிஸ் அந்த ஊரை நோக்கித்தான் ஓடுகிறது. காற்றடைத்த ஆட்டுத்தோல்களின் மேல் மரங்களைக் கட்டிய கெலெக் என்னும் தெப்பங்களில் தானியம் இறங்கிவரும். மரத்துக்குத் தட்டுப்பாடான பாக்தாத்தில் தெப்பத்தைப் பிரித்து மரத்தை விற்றுவிட்டு, தோல்களை மட்டும் விலங்குகளின் முதுகில் ஏற்றித் திரும்புவார்கள். தெப்பமே சரக்கு! படித்த அன்றே பாக்தாத் பக்கம் சாய்ந்துவிட்டேன். 1638-இல் முராத்தின் பெரிய பீரங்கிகளும் பீரெஜிக்கிலிருந்து யூப்ரடீஸ் வழியாகப் படகில்தான் வந்தன. ஷாவின் படைக்கோ நடுவில் சாக்ரோஸ் மலைத்தொடர். யெரெவானில் துருக்கியருக்குத் தடையாக நின்ற மலை, இங்கே பாரசீகருக்குத் தடை.

என் வாதத்துக்கு எதிரான சான்றும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 1624 தொடக்கத்தில் இதே பாக்தாத் ஷா அப்பாஸிடம் போனது. 1625–26-இலும் 1630-இலும் மீட்க வந்த துருக்கியப் படைகள் தோற்றுத் திரும்பின. ஆனால் ஊர் கைமாறியதற்குக் காரணம் பட்டினி மட்டுமல்ல. சுல்தானை எதிர்த்துக் கலகம் செய்த பெகிர் சுபாஷி முதலில் ஷாவை அழைத்தார், பிறகு பின்வாங்கினார். கடைசியில் அவர் மகனே வழிவிட்டான். ஆறு சோறு போடும், விசுவாசத்தைக் கொண்டுவராது.

துருக்கியோ பாரசீகமோ எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே அந்த ஊர்களின் மக்கள் எந்த அரசை விரும்பினார்கள் என்பதில் என் கருத்தை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம். பராமரிப்புக் கணக்கில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை. 1733-இல் பாரசீகப் படைத் தலைவர் நாதிர் மாதக்கணக்கில் வளைத்தும் பாக்தாத் விழவில்லை. வடக்கிலிருந்து தோபால் ஒஸ்மான் பாஷாவின் உதுமானியப் படை வந்து மீட்டது. யெரெவானை 1724-இல் மீண்டும் பிடித்த உதுமானியர் 1735-இல் மீண்டும் இழந்தார்கள்.

அரசுகளைவிட மனிதர்களைப் பின்தொடர விரும்புகிறவர் யெரெவானை எடுக்கலாம். ஷா அப்பாஸ் காலிசெய்த ஊர்களில் ஒன்று அராஸ் கரையின் ஜூல்ஃபா. அங்கிருந்து இஸ்ஃபஹானுக்குத் துரத்தப்பட்ட ஆர்மீனியர், புதிய ஜூல்ஃபாவைக் குடியமைத்து, பாரசீகப் பட்டு வணிகத்தைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் வழிவந்த வணிகர்கள் சென்னை வரை வந்தார்கள். ஆர்மீனியன் தெருவில் அவர்களின் தேவாலயம் இன்றும் இருக்கிறது.