பேச்சுப் போட்டிக்கு எந்தப் போர்?

போரின் பின்விளைவு பற்றிப் பேச முதல் உலகப்போரை எடுப்பதா, இரண்டாவதையா? ராமநாதபுரம் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம்.

கடன்: முதல் போருக்கு இழப்பீடு கட்ட ஜெர்மனி வாங்கிய கடனின் கடைசித் தவணை 2010இல்தான் தீர்ந்தது. இரண்டாம் போருக்குப்பின் பிரிட்டன் அமெரிக்காவிடம் வாங்கிய கடன் 2006இல் தீர்ந்தது. இழுவையில் முதலாவதே ஜெயிக்கிறது.

நிலம்: இரண்டிலும் வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைக்கின்றன.

நம் கரை: இங்கே இரண்டாவதுதான் கனம். 1942இல் பர்மா ஜப்பானிடம் போனதும் அரிசி வரத்து நின்றது. தமிழர்கள் பலர் நடந்தே திரும்பினார்கள். போரால் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காததால், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுத்த சிறுவன் கலாமுக்கு அதற்குக் கிடைத்ததுதான் முதல் சம்பளம்.

வட்டி, ஒப்பந்தம் என்று வாதாட முதல் போர். ஊர்க்கதை சேர்க்க வேண்டுமா, சரி, இரண்டாவது.