ரூக்கி கார்டா, வருஷ வரிசையா, சட்டைத் துண்டா?

ஒரு கூடைப்பந்து வீரரின் மொத்த ஆட்ட வாழ்க்கையையும் கார்டுகளாக, அதாவது முன்னால் படமும் பின்னால் ஆட்டக் கணக்கும் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளாக, கையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் மூன்று வழி இருக்கிறது. ரூக்கி கார்டு, அதாவது அவர் புதுமுகமாக வந்தபோதைய கார்டு, ஒன்றை மட்டும் வாங்கி வைப்பது முதல் வழி. அவர் ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சாதா கார்டு, அதாவது பேஸ் கார்டு, என்று வரிசையாகச் சேர்ப்பது இரண்டாவது. சட்டைத் துண்டும் கையெழுத்தும் பதித்த விலை உயர்ந்த கார்டு ஒன்றோடு முடித்துக்கொள்வது மூன்றாவது. சந்தையைக் கேட்டால் மூன்றாவதைக் கைகாட்டும், விட்டால் முதலாவதை. இரண்டாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நான் அந்த இரண்டாவது கட்சி.

சரி, ரூக்கி கார்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருவது ஃப்ளீர் நிறுவனம் 1986-87 பருவத்துக்கு வெளியிட்ட செட்டின், அதாவது கார்டுத் தொகுப்பின், 57ஆம் எண், மைக்கேல் ஜோர்டன். சிவப்பு, வெள்ளை, நீலக் கரைக்குள் பந்தோடு வளையத்தை நோக்கி எழும்பி நிற்கிறார். கரையின் நிறம் அட்டையின் விளிம்பு வரை ஓடுவதால் லேசாக உரசினாலே வெள்ளை தெரிந்துவிடும். அதனால்தான் மாசுமருவில்லாத பிரதிக்கு அப்படி ஒரு கிராக்கி. கார்டுகளுக்குத் தரம் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்திடம் உச்சத் தரமான 10 வாங்கிய பிரதி ஒன்று 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு ஏலம் போனது. சில மாதத்திலேயே அதே தரக் கார்டின் விலை அதில் பாதிக்கும் கீழே இறங்கியது வேறு கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அது ஜோர்டனின் முதல் ஆண்டுக் கார்டே இல்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்கு அவர் வந்தது 1984இல். டாப்ஸ் நிறுவனம் 1981-82 செட்டோடு கூடைப்பந்தைக் கைவிட்டிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்டார் என்ற நிறுவனம் அணிவாரியாகப் பைகளில் போட்டுக் கார்டு விற்றது. உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல் வாங்கிப் பிரித்துப் பார்க்கும் பேக்கில் வராததால் அதை ரூக்கி என்று ஒப்புக்கொள்ளலாமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆக, உலகமே ரூக்கி என்று கொண்டாடும் அந்த ஃப்ளீர் கார்டு அவருடைய மூன்றாவது பருவத்தில் வந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முதல் பருவத்தில் முழு 82 ஆட்டம், அடுத்ததில் 18. பாதத்தில் எலும்பு முறிந்து உட்கார்ந்திருந்த வருஷம் அது. எனக்கு முன்பக்கத்துத் தாவலை விட அந்த 18தான் பிடிக்கும். அடுத்த பருவத்தில் ஆட்டத்துக்கு 37.1 புள்ளி எடுக்கப்போகிறார் என்பது அதை அச்சிட்டவர்களுக்குத் தெரியாது.

1980-81 டாப்ஸ் கார்டும் இதே கதைதான். லாரி பேர்ட், மேஜிக் ஜான்சன் இருவரின் ரூக்கியும் ஒரே அட்டையில், நடுவில் ஜூலியஸ் எர்விங். இருவருமே அப்போது இரண்டாவது பருவத்தில் இருந்தார்கள். அட்டையை மூன்றாகப் பிரிக்க வசதியாகத் துளைக்கோடு போட்டிருந்தார்கள், குழந்தைகளும் சொன்னபடி பிரித்தார்கள். இன்று கிழிக்காத அட்டைக்குத்தான் மதிப்பு. கிழித்தால் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான்.

ரூக்கி கார்டின் உண்மையான பலம், அது எதிர்பார்ப்பை அப்படியே பிடித்து வைத்திருப்பது. பனினி நிறுவனத்தின் 2013-14 பிரிசம் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் புது வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஆந்தனி பென்னட். 15ஆவதாக வந்தவர் யானிஸ் அன்டெட்டோகௌன்ம்போ. பேக்கைப் பிரித்த நாளில் பென்னட் கையில் வந்தால் கொண்டாட்டம், யானிஸ் வந்தால் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. பென்னட் நான்கு பருவத்தில் நான்கு அணி மாறி என்பிஏவை விட்டே போனார். யானிஸ் இரண்டு முறை எம்விபி, அதாவது பருவத்தின் மிகச் சிறந்த வீரர், 2021இல் சாம்பியன். இரண்டு கார்டிலும் அச்சு, காகிதம், பளபளப்பு எல்லாம் ஒன்றுதான். பிந்தைய கதை எதுவும் அவற்றில் இல்லை. பார்க்கிற நாம்தான் அதை மனதுக்குள் சேர்த்துக்கொள்கிறோம்.

சில நேரம் ஆளின் பெயர்கூட அதில் இருக்காது. 1969-70 டாப்ஸ் செட்டில், வழக்கத்தை விட உயரமான அந்தக் கார்டில், 25ஆம் எண்ணாக இருப்பவர் லூ அல்சிண்டர். 1971இல் கரீம் அப்துல்-ஜப்பார் ஆனார். அந்த ஒரு கார்டு மட்டும் உங்களிடம் இருந்தால், உலகம் அறிந்த பெயரில் ஒரு கார்டும் உங்களிடம் இல்லை. அதே மனிதர் 17 ஆண்டு கழித்து, முன்பு சொன்ன ஜோர்டன் செட்டில் 1ஆம் எண்ணாக நிற்கிறார். பெரிய காரணம் ஒன்றுமில்லை, அந்தச் செட்டை அகர வரிசையில் எண்ணிட்டிருந்தார்கள்.

இனி சட்டைத் துண்டு. இதை நான் சுருக்கமாகவே முடிக்கப்போகிறேன். அப்பர் டெக் நிறுவனத்தின் 2003-04 எக்ஸ்குவிசிட் செட், 5 கார்டு உள்ள பேக் 500 டாலர் என்று வந்தபோது பலர் சிரித்தார்கள். அதில் 99 பிரதி மட்டும் அச்சான லெப்ரான் ஜேம்ஸ் கையெழுத்து, சட்டைத் துண்டுக் கார்டு ஒன்று 2021இல் 52 லட்சம் டாலருக்குப் போனது. 2025 ஆகஸ்டில் அதே எக்ஸ்குவிசிட் வரிசையின் 2007-08 கார்டு ஒன்று, ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரின் என்பிஏ முத்திரைத் துண்டும் கையெழுத்தும் சேர்ந்தது, 1 கோடியே 29 லட்சம் டாலரைத் தாண்டியது. விளையாட்டுக் கார்டு எதற்கும் அதுவரை கிடைக்காத விலை.

அபூர்வம்தான், மறுக்கவில்லை. வீரர் ஆட்டத்தில் வியர்வை சிந்திய சட்டையின் துண்டு என்றால் எனக்கும் கை நடுங்கும். ஆனால் ரூக்கி சட்டைத் துண்டுகள் பலவும் ஆட்டத்தில் அணிந்தவை அல்ல, படம் எடுக்கும் நிகழ்ச்சிக்காகப் போட்டுக் கழற்றியவை. சமீபத்திய பல கார்டுகளின் பின்னால் இந்தத் துணி எந்த வீரரோடும் ஆட்டத்தோடும் நிகழ்ச்சியோடும் தொடர்புடையதல்ல என்று பொடி எழுத்தில் போட்டேவிடுகிறார்கள். அப்படியானால் அது துணி. வேறென்ன சொல்ல?

ஒப்பந்தச் சிக்கல் ஒன்றும் உண்டு. 2009-10 முதல் என்பிஏ உரிமம் முழுவதும் பனினியிடம் போனது. லெப்ரானின் கையெழுத்து உரிமையோ அப்பர் டெக்கிடம் இருந்தது. ஒருவரிடம் அணிச் சின்னம், இன்னொருவரிடம் கையெழுத்து. அதனால் பனினி பேக்குகளில் லெப்ரானின் பேஸ் கார்டு வந்தது, கையெழுத்து வரவில்லை. அவருடைய நான்கு கோப்பைகளும், 2012, 2013, 2016, 2020, அந்தக் காலத்தில்தான். அவர் கதையைக் கையெழுத்துக் கார்டுகளால் சொல்லப் பார்த்தால் நடுப்பகுதியே காணாமல் போகும்.

அதே லெப்ரானைப் பேஸ் கார்டுகளாக அடுக்கிப் பாருங்கள். சட்டையில் 23ஆம் எண், மயாமி போனதும் 6, கிளீவ்லாந்து திரும்பியதும் 23, லேக்கர்ஸில் நடுவே இரண்டு பருவம் மறுபடி 6. தலைப்பட்டை வருஷத்துக்கு வருஷம் மேலே ஏறுகிறது, ஒரு கட்டத்தில் காணாமலே போகிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற கார்டுகள் இவை.

ஆனால் இந்த வழியின் அருமை எனக்குப் புரிந்தது லெப்ரானால் அல்ல, கிராண்ட் ஹில்லால். 1994இல் மூன்றாவது ஆளாக டிராஃப்ட் ஆனவர். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை ஜேசன் கிட்டோடு பகிர்ந்துகொண்டார். நட்சத்திர ஆட்டக்காரர்கள் மட்டும் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கான ரசிகர் வாக்கெடுப்பில் புதுமுகமாகவே முதலிடம். அன்று பேக் பிரித்தவர்களுக்கு அடுத்த ஜோர்டன் இவர்தான். ரூக்கி கார்டோடு நிறுத்தியவருக்கு ஹில் என்றால் இந்த நம்பிக்கை மட்டும்தான்.

என்னிடம் இருக்கும் ஹில் வரிசையில் பின்பக்கம் திருப்பி, ஆட்டம் என்ற பத்தியை மட்டும் விரலால் கீழே இழுத்துக்கொண்டே வருவேன். டெட்ராய்ட்டில் 1999-2000 பருவத்தில் 74 ஆட்டம், சராசரி 25.8, வாழ்க்கையிலேயே உச்சம். அந்தப் பருவத்தின் பிளேஆஃபில், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளில், கணுக்கால் போயிற்று. பிறகு ஆர்லாண்டோ: 4. அடுத்த வரி 14. அடுத்தது 29. அதற்கடுத்த பருவம் ஒரு ஆட்டம்கூட இல்லை. நான்கு ஆண்டில் 47 ஆட்டம். கணக்கு அத்தோடு நின்றிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். 2004-05இல் திடீரென்று 67. பிறகு ஃபீனிக்ஸ் சட்டை. 2008-09 வரியில் 82. அதற்கு முன் ஒரு பருவத்திலும் அவர் முழு 82 ஆடியதில்லை. வயது 36. முன்பக்கப் படத்தில் சாதாரணமாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார், அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அந்த 82 எந்தக் கையெழுத்தை விடவும் எனக்குப் பெரிது.

கூடவே கிட்டின் வரிசையையும் வைத்தால் இன்னும் சுவை. அவருக்குக் காயக் கதை இல்லை, மூன்று புள்ளி வீச்சுக் கதை. முதல் பருவத்தில் 27 விழுக்காடு. வீச்சு வராது என்பதால் பெயரிலிருந்து ஜே எழுத்தையே எடுத்துக் கிண்டல் செய்தார்கள், ஜம்ப் ஷாட்டுக்கும் அதுதானே முதல் எழுத்து. 2009-10இல் 42 விழுக்காடு. டல்லஸில் தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றி, மறுபடி டல்லஸ் வந்து 2011இல் கோப்பை.

குறை இல்லாமலில்லை. ஒரு பருவத்தின் கணக்கு அடுத்த பருவத்துக் கார்டில்தான் ஏறும். ஓய்வு பெற்றவருக்கு வழக்கமாக அடுத்த கார்டு கிடையாது. ஆக கடைசிப் பருவம் விடுபட்டுப்போகும். கோபி 2016 ஏப்ரலில் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்ததைத் தேடிப் பேஸ் வரிசையின் பின்பக்கம் போகாதீர்கள். இன்னொன்று, பளபளக்கும் செட்கள் பலவும் போன பருவத்தையும் மொத்தத்தையும் மட்டும் போட்டு ஒப்பேற்றிவிடும். முழுப் பட்டியல் போடும் செட்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பழைய ஆட்களிடம் இந்த வழி செல்லவே செல்லாது. 1957க்கும் 1969க்கும் இடையில் 11 கோப்பை வென்ற பில் ரஸ்ஸலுக்கு 1957-58 டாப்ஸ், 1961-62 ஃப்ளீர் என்று முக்கியமான செட் இரண்டுதான். வில்ட் சேம்பர்லைன் 100 புள்ளி எடுத்தது 1962 மார்ச்சில். அந்தப் பருவத்துக்கு ஃப்ளீர் கார்டு உண்டு, அதற்குப் பிறகு 1969 வரை பெரிய செட்டே வரவில்லை. அவர்களுக்கு ரூக்கி கார்டைத் தவிர வழியில்லை. அங்கே முதல் கட்சிக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

அப்புறம், மூன்று வழியிலும் அடங்காத கார்டு ஒன்று இருக்கிறது. 1990 பிப்ரவரி 14 அன்று ஆர்லாண்டோவில் ஜோர்டனின் 23ஆம் எண் சட்டை திருடு போனது. கிடைத்த 12ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கி 49 புள்ளி எடுத்தார். அந்தக் காட்சி ஜோர்டன் கார்டில் இல்லை, 1990-91 ஹூப்ஸ் செட்டில் சாம் வின்சென்ட் கார்டில் இருக்கிறது. வின்சென்ட் பந்தோடு முன்னால், 12ஆம் எண்ணோடு ஜோர்டன் பின்னால். பிந்தைய அச்சில் படத்தையே மாற்றிவிட்டார்கள். வின்சென்டுக்கு வரிசை சேர்க்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. அந்தக் கார்டை மட்டும் ஜோர்டன் வரிசையில் 1989-90க்கு அடுத்த உறையில் செருகி வைத்திருக்கிறேன்.