பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் முன் திறக்க வேண்டிய பிடிஎஃப்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பேச்சு ஒன்றுதான். சித்தூர் அரசுக் கல்லூரியா, பாலக்காடு விக்டோரியாவா, இல்லை வேலந்தாவளம் எல்லை தாண்டிக் கோயம்புத்தூரா? தமிழ் மீடியம் ஹயர் செகண்டரியில் பாடம் எடுப்பதால் கேள்வி என்னிடமும் வரும். “டீச்சரே, எங்க சேர்த்தா பிள்ளை முழுசாப் படிச்சு முடிச்சு ஒரு வேலைக்குப் போகும்?” தோட்ட வேலைக்குப் போகிற அப்பாவும் இதைத்தான் கேட்கிறார், கடை வைத்திருப்பவரும் இதைத்தான் கேட்கிறார்.

இதற்குப் பாதி பதிலாவது அரசாங்கத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. என்.ஐ.ஆர்.எஃப் என்ற தேசியத் தரவரிசை எல்லோருக்கும் தெரியும். மத்தியக் கல்வி அமைச்சகம் 2015-ல் தொடங்கி, 2016 முதல் பட்டியல் வெளியிட்டு வருகிறது. பேப்பரில் வருவதெல்லாம் எந்தக் கல்லூரி எத்தனையாவது இடம் என்பதோடு சரி. நான் எழுத வந்தது ரேங்கைப் பற்றி அல்ல. பட்டியலில் கல்லூரிப் பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு பிடிஎஃப் குறி இருக்கும், அதைப் பற்றி. கல்லூரியே அனுப்பிய விவரங்கள் அதில் அப்படியே இருக்கும். ரேங்க் கிடைக்காத கல்லூரியாக இருந்தாலும் பங்கேற்றிருந்தால், அதன் சொந்த இணையதளத்தில் என்.ஐ.ஆர்.எஃப் என்ற தலைப்பின் கீழ் இந்தத் தாளைப் போட்டிருக்க வேண்டும்.

திறந்ததும் முதலில் அனுமதிக்கப்பட்ட இடங்கள், பிறகு மாணவர் எண்ணிக்கை. ஆண், பெண், மாநிலத்துக்குள்ளிருந்து வந்தவர்கள், வெளி மாநிலத்தவர், முழுக் கட்டணச் சலுகை பெறுபவர்கள் என்று பிரித்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை பஸ்ஸில் தினமும் போய்வரும் தூரத்தில் இருக்கிற கோவைக் கல்லூரியிலும் ‘வெளி மாநில’க் கட்டத்தில்தான் விழுவாள். கட்டணச் சலுகைக் கட்டங்களைப் பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டும். எல்லை தாண்டினால் எந்தச் சலுகை கூட வரும், எது வராது என்று அதைப் பார்த்ததும் விசாரிக்கத் தோன்றும்.

அப்புறம் வருவதுதான் முக்கியமான அட்டவணை, வேலைவாய்ப்பும் மேற்படிப்பும். ஒரே வரிசையில் எல்லாம் இருக்கும். குறிப்பிட்ட ஓர் ஆண்டில் சேர்ந்தவர்கள் இத்தனை பேர், அவர்களில் குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர்கள் இத்தனை, வேலை கிடைத்தவர்கள், அவர்களின் ஆண்டுச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள். சேர்ந்த பேட்ச்சையும் முடித்த பேட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதற்காகவே இந்தத் தாளை நான் மதிக்கிறேன். கேரளத்தில் கல்லூரி போகிறவர்கள் எத்தனை சதவீதம், தமிழ்நாட்டில் எத்தனை என்று ஒப்பிட்டுப் பேசுகிறோம். 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே 41.3, அங்கே 47. அது உள்ளே நுழைந்தவர்களின் கணக்கு. எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்பதை ஒரு சாதாரணத் தகப்பனார் கல்லூரி வாரியாகப் பார்க்க வழி இந்த வரிசைதான்.

எல்லோருடைய கண்ணும் சம்பளக் கட்டத்துக்குத்தான் முதலில் போகும். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்கிறேன். அது சராசரி அல்ல. வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய சம்பளம். அதிலும் வேலை கிடைத்தவர்கள் மட்டுமே வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, 300 பேர் சேர்ந்து 210 பேர் முடித்து, 60 பேருக்கு வேலை, 70 பேர் மேற்படிப்பு என்று வைத்துக்கொள்வோம். சம்பளக் கட்டம் அந்த 60 பேரை மட்டுமே சொல்கிறது. முடித்தும் இரண்டிலும் சேராத 80 பேரும், முடிக்காத 90 பேரும் அந்தத் தொகைக்குள் இல்லை. அந்த 90 பேர் நின்றுவிட்டார்களா, அரியர் வைத்துப் பிறகு எழுதினார்களா, கல்யாணம் ஆகிப் போனார்களா என்று தாளில் எங்கும் கிடையாது. எனக்கு அவர்களைப் பற்றித்தான் கவலை, ஏனென்றால் பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் தடுமாறுகிற என் பிள்ளைகள் பலர் அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள்.

எங்கள் ஜங்ஷனில் ஒரு தனியார் கல்லூரி நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று பெரிய போர்டு வைத்திருந்தது. பெயர் வேண்டாம். அந்தக் கல்லூரியின் தாளைத் திறந்து ஒரு மாணவியின் அம்மாவிடம் காட்டினேன். முடித்தவர்களில் பாதிப் பேர்கூட வேலைக் கட்டத்தில் இல்லை. “இதையும் அவங்களேதான் எழுதிக் குடுத்தாங்களா டீச்சர்?” என்று கேட்டார். ஆமாம், அவர்களேதான்.

பெரிய குறை ஒன்று இருக்கிறது, அது எனக்குப் பொறுக்க முடியாத குறை. மூன்றாண்டுப் பட்டப் படிப்புகள் எல்லாம் ஒரே வரிசையில் கூட்டப்பட்டிருக்கும். பி.ஏ. தமிழும் பி.காமும் பி.எஸ்சி. கணிதமும் ஒரே எண். யாரும் கல்லூரியில் மட்டும் சேர்வதில்லை, ஒரு துறையில் சேர்கிறார்கள். சித்தூரில் தமிழ்த் துறை இருக்கிறது என்பதற்காகவே அங்கே போகிற பிள்ளைக்கு, இங்கே தமிழ் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டாமா? அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுமம் (யூ.டி. சிஸ்டம்) 2014-ல் ‘சீக்யூடி’ என்ற தளத்தைத் தொடங்கி, ஒவ்வொரு பாடத்திலும் பட்டம் பெற்றவர்கள் ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கல்விக்கடனோடு வெளியே வந்தார்கள் என்று காட்டியது. கல்லூரி சொன்னதை வைத்து அல்ல, அரசாங்கத்தின் ஊதியப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து. அந்த அளவுக்கு இங்கே உடனே வராது, சரி. ஆனால் துறைவாரிப் பட்டியல் நம்மிடம் இல்லாமல் இல்லை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டுக்குப் போகும் ஒவ்வொரு கல்லூரியும் வேலைக்குப் போனவர், மேற்படிப்புக்குப் போனவர் விவரத்தை அவர் முடித்த படிப்போடு சேர்த்துத்தான் கொடுக்கிறது. பிரித்து எடுத்த விவரத்தைப் பெற்றோருக்கு மட்டும் ஏன் கூட்டித் தர வேண்டும்?

இன்னொன்று, தரவு பழையது. 2024 பட்டியலில் கடைசியாக வருவது 2022–23-ல் முடித்த பேட்ச். அவர்கள் கொரோனா காலத்தில் சேர்ந்தவர்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், அட்டவணையில் இருக்கும் மூன்று பேட்ச்சையும் ஒப்பிடுங்கள்.

கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் பட்டத்தோடு வெளியே வரலாம், நான்காம் ஆண்டு ஆனர்ஸும் படிக்கலாம். 2027-ல் வெளியே வரும் பிள்ளை ‘முடித்தவர்’ கட்டத்தில் வருவாளா, ‘முடிக்காதவர்’ ஆகிவிடுவாளா என்பதை இப்போதே தெளிவாக வரையறுத்து வெளியிட வேண்டும். இல்லையென்றால் தாலுகா முழுக்க இருக்கும் அரசுக் கல்லூரிகளின் எண்கள் காரணமில்லாமல் சரிந்து தெரியும், பெற்றோர் பயந்து பஸ் ஏறுவார்கள்.

மொத்தத்தில் இந்தத் தாளுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கிறேன். அட்மிஷன் நாளில் இந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். துறைத் தலைவரிடம், “போன மூணு பேட்ச்ல உங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்க?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நாக் வேலைக்காகத் துறையில் அந்த ரெஜிஸ்டர் வைத்திருப்பார்கள். நான் கேட்டபோது ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியை அலமாரியிலிருந்து எடுத்து, பெயர் பெயராகக் காட்டினார்.