68,000 ரூபாய் போச்சு: 'கீழ் நரம்பு' கிழியுதுன்னு ஆஸ்பத்திரி தேடுறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

நேற்று மதியம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆறிவிட்டால் வெட்கம் வந்து மூடி வைத்துவிடுவேன். கடைசியில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு 31 வயது. ஊர் திருப்பத்தூர் பக்கம். பெங்களூரு வந்து ஆறு வருஷம் ஆகிறது, ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு. கல்யாணம் ஆகி எட்டு மாதம். ஆணுறுப்பின் கீழ்ப்பக்கம், மொட்டையும் முன்தோலையும் சேர்த்துப் பிடிக்கிற சின்னக் கயிறு மாதிரி ஒரு தோல் இருக்கும். நம் ஆட்கள் நரம்பு என்பார்கள், டாக்டர்கள் ஃபிரெனுலம் என்பார்கள். எனக்கு அது பிறவியிலேயே குட்டை. கல்யாணமான மாதமே கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்து மனைவி பயந்துவிட்டாள். துணியை வைத்துக் கால் மணி நேரம் அழுத்திப் பிடித்த பிறகுதான் நின்றது. ஆறியது, மறுபடி கிழிந்தது. அப்புறம் மூன்றாவது முறை. கிழிந்து ஆறுகிற தழும்பு பழைய தோல் மாதிரி இழுபடாது, அதனால் அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கிழியும் என்று இப்போது தெரிகிறது. அப்போது யாரிடம் கேட்பது? அப்பாவிடமா, ரூம் நண்பனிடமா?

ராத்திரி போனில் தேடினேன். ஆபரேஷனை ஏற்பாடு செய்து கொடுக்கிற ஆன்லைன் நிறுவனம் ஒன்று வந்தது. பெயரும் நம்பரும் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அழைப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் மாரத்தஹள்ளி பக்கம் ஒரு கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். கீழே மொபைல் கடை, மாடியில் கிளினிக்.

அங்கே உட்கார்ந்திருந்த கோஆர்டினேட்டர் பெண் என் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, திருப்பத்தூரா? நான் ஆம்பூர்" என்றாள். எனக்குக் கன்னடம் கடையில் பேசுகிற அளவுக்குத்தான் வரும். இந்த விஷயத்தை இந்தியில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனவன் நான். "வெட்கப்படாதீங்கண்ணா, இதுக்கு தினம் நாலு பேர் வர்றாங்க. எங்க அண்ணனா இருந்தா என்ன செய்வேனோ அதைத்தான் சொல்றேன்" என்றாள். எட்டு மாதமாகத் தொண்டையில் அடைத்திருந்தது இறங்கிய மாதிரி இருந்தது. கண்ணே கலங்கிவிட்டது. அந்த நிமிடத்தில் அவள் எங்கே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். போட்டேன்.

டாக்டர் பார்த்தது இரண்டே நிமிடம். மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தார். "லேசர் சுன்னத் பண்ணிடலாம்" என்றார். "சார், தோல் நல்லாத்தான் பின்னாடி போகுது. அந்த நரம்பை மட்டும் சரி பண்ண முடியாதா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "அது திரும்பக் கிழியும். உள்ளே ரத்தக்குழாய் இருக்கு, ஒரு நாள் ரத்தம் நிக்காது. குழந்தை விஷயத்துலயும் பிரச்சினை வரும்" என்றார். குழந்தை என்ற சொல்லைக் கேட்டதும் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த நரம்புக்கும் குழந்தை பிறப்பதற்கான விந்தணுவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது பச்சைப் பொய்.

68,000 ரூபாய் பேக்கேஜ். தையல் இல்லை, லேசர், இரண்டு நாளில் வேலைக்குப் போகலாம், இன்சூரன்ஸ் பணத்தை நாங்களே வாங்கித் தருகிறோம் என்றார்கள். இன்றே கட்டினால்தான் இந்த விலை என்றும் சொன்னார்கள். மனைவியின் வளையலை அடகு வைத்து 40,000. சீட்டுப் பணம் 28,000. மொத்தம் 68,000. அன்று சாயங்காலமே கட்டினேன்.

ஆபரேஷன் தியேட்டரில் 'டக்' என்று ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் ஒன்று கேட்டது. லேசர் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்த அன்றுதான் பார்த்தேன், சுற்றி வர ஊசிமுனை அளவு உலோகப் பின்கள். அது லேசரே இல்லை, ஸ்டேப்ளர் கருவி. பில்லை எடுத்துப் பார்த்தால் அதிலும் 'ஸ்டேப்ளர் கிட்' என்றுதான் இருக்கிறது. லேசர் என்ற சொல்லே இல்லை.

ஐந்தாம் நாள் கீழ்ப்பக்கம், அந்த நரம்பு இருந்த இடத்திலேயே, வீங்கிச் சீழ் வைத்தது. ஆம்பூர்ப் பெண்ணுக்கு போட்டோ அனுப்பினேன். "நார்மல்தாண்ணா" என்று பதில். ஏழாம் நாள் அந்த நம்பர் எடுக்கவில்லை. நிறுவனத்தின் பொது எண்ணில் இந்தியில் ஒருவர், "உங்க புகார் பதிவாகிடுச்சு, 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க" என்றார். யாரும் கூப்பிடவில்லை. நேரில் கிளினிக்குக்குப் போனேன். "தியேட்டரை நாங்க வாடகைக்குத்தான் குடுக்கிறோம், நிறுவனத்தைக் கேளுங்க" என்றார்கள். நிறுவனத்தைக் கேட்டால், "சிகிச்சை கொடுத்தது டாக்டர், அவரைக் கேளுங்க." டாக்டரோ வேறு கிளைக்குப் போய்விட்டாராம். காலை அகட்டி அகட்டி நடந்து அந்த மாடிப்படியை மூன்று முறை ஏறினேன். இன்சூரன்ஸிலும் பணம் தர மறுத்துவிட்டார்கள். பெரும்பாலான பாலிசிகளில் நோய்க்காகத் தேவைப்பட்டால்தான் சுன்னத்துக்குப் பணம் தருவார்கள். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஃபைமோசிஸ்', அதாவது முன்தோல் பின்னால் போகாத நோய், என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கிடையவே கிடையாது. இதற்காக முன்பு டாக்டரிடம் காட்டிய சீட்டு எங்கே என்று இன்சூரன்ஸில் கேட்டார்கள், என்னிடம் ஒன்றும் இல்லை. 68,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்குக் கடைசியாக வந்த பதில், அடுத்த சிகிச்சைக்கு 5,000 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன்.

நேற்று, பதின்மூன்றாம் நாள், அரசு ஆஸ்பத்திரியில் யூராலஜி, அதாவது சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு சம்பந்தமான பிரிவின் ஓ.பி.யில் ஏழு மணிக்கே வரிசையில் நின்றேன். வயதான டாக்டர், தமிழ் தெரிந்தவர். தோலுக்குள் புதைந்திருந்த நான்கு பின்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார். எடுத்துக்கொண்டே, "தம்பி, ஆபரேஷனுக்கு முன்னால தோல் முழுசாப் பின்னாடி போச்சா?" என்று கேட்டார். "போச்சு டாக்டர். நரம்புதான் இழுத்துப் பிடிச்சது" என்றேன். கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அப்புறம் ஓ.பி. சீட்டைத் திருப்பிப் பேனாவால் வரைந்து காட்டினார். படுக்கையாக ஒரு கோடு. "இங்க குறுக்கே வெட்டுவோம்." அதன் மேல் செங்குத்தாக ஒரு கோடு. "இப்படி நெடுக்கே தைப்போம். கயிறு நீளமாயிடும், இழுக்காது. அந்த இடத்துக்கு மட்டும் மரத்துப்போக ஊசி, அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். தையல் தானாக் கரைஞ்சுடும். நாலிலேருந்து ஆறு வாரம் மனைவியோட சேராம இருக்கணும், அவ்வளவுதான்." அதற்குப் பெயர் ஃபிரெனுலோபிளாஸ்டி. லேசான இறுக்கம் என்றால் ஸ்டீராய்டு களிம்பு தடவி மெதுவாக இழுத்துப் பழக்கிப் பார்ப்பதும் உண்டாம், ஆனால் களிம்பு முன்தோல் இறுக்கத்துக்குக் கேட்கிற அளவுக்கு இந்த நரம்புக்குக் கேட்காதாம். முன்தோலே தழும்பாகி வெள்ளையாக இறுகியிருந்தாலோ, நரம்பைச் சரிசெய்த பிறகும் கிழிந்துகொண்டே இருந்தாலோதான் சுன்னத் பற்றி யோசிப்போம் என்றார். என்னிடம் இதில் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் தோல் என்னிடம் இருந்திருக்கும். சுன்னத்தில் தவறில்லை, தேவைப்பட்டவர்கள் செய்துகொள்ளட்டும். எனக்குத் தேவைப்படவில்லை. பணத்தையாவது போராடி வாங்கலாம், வெட்டியதை எந்த ஆணையம் வாங்கித் தரும்?

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், உட்கார முடியவில்லை, வலிக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். யூராலஜி படித்த டாக்டரிடம் நேராகப் போங்கள், நடுவில் எந்த நிறுவனமும் வேண்டாம். 'நரம்பை மட்டும் சரி செய்யலாமா, ஏன் கூடாது' என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பார்த்த அன்றே பணம் கட்டாதீர்கள். சர்க்கரை பாருங்கள், சர்க்கரை இருந்தாலும் முன்தோல் வெடிக்கும். கர்நாடகாவில் தனியார் கிளினிக் என்றால் 2007 சட்டப்படி பதிவுச் சான்றையும் கட்டணப் பட்டியலையும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும், நான் போன இடத்தில் சுவரில் டிவி மட்டும்தான் இருந்தது. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டு உருகிவிடாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். 68,000 என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை போகிறேன். டாக்டர் மேல் கர்நாடக மெடிக்கல் கவுன்சிலுக்குத் தனி மனு. எடுத்த நான்கு பின்களையும் பஞ்சில் வைத்துக் கொடுத்தார் அந்தப் பெரியவர். பில்லோடு சேர்த்து ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.